தவராணி படுத்த தரை

தவராணி குடிவந்த பத்தாம் நாள் காலையில், ரெட்டியார்பாளையத்தில் பிரான்சுவா வீட்டுப் பின்கட்டின் தரை நெஞ்சளவு ஆழத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. சுவரில் கீறல் இல்லை. அடுப்பு மேடை, தண்ணீர்க் குடம், கொடியில் காய்ந்த துண்டு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அறையின் நடுவில் மட்டும் இரண்டடி அகலத்தில் ஒரு குழி ஆறடி நீளம் போய், திரும்பி இன்னொரு நாலடி போயிருந்தது. மேலே நின்று பார்த்தால் ‘ட’ எழுதி வைத்தது போல இருந்தது. அடியில் வெள்ளைக் கடல்மணல். அந்தப் பக்கம் எங்கே கடப்பாரை போட்டாலும் செம்மண்தான் வரும்; கடல் எங்கோ கிழக்கே இருக்கிறது. தவராணி பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இது 2013ஆம் வருஷம், ஆடி மாதம் நடந்தது.

பிரான்சுவாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்குகிற பழைய சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. வாலிபத்தில் அல்ஜீரியாச் சண்டையில் இருந்தவர். அது என்ன குழி, எதற்காக நடுவில் திரும்புகிறது என்று பார்த்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எட்டிப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரிடம், பழைய செப்டிக் டேங்க் உள்வாங்கிக்கொண்டது என்றார். உழவர்கரையில் இருந்து ராஜாங்கம் கொத்தனாரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ராஜாங்கம் பன்னிரண்டு வயதில் ஜல்லி உடைக்கப் போனவன். அவன் போட்ட தரை எதுவும் அதுவரை இறங்கியதில்லை, அதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஒரு டிராக்டர் உடைகல் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்சுக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே சிமெண்டு பூசிவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் தரை மறுபடியும் அதே அளவுக்கு இறங்கியது. போட்ட உடைகல்லில் ஒரு துண்டைக்கூடக் காணோம்.

வந்து பார்த்த ராஜாங்கத்துக்குக் கோபம். “யாரும்மா தோண்டுனது? எம் பேர கெடுக்கணும்னே பண்றீங்களா?”

“ஒருத்தரும் தோண்டேல்ல அண்ணை. நான் ஒரு இடத்தில ஒன்பது இரவு படுத்தால் இப்பிடித்தான் வரும். சண்டை முடிஞ்சு இருந்த முகாமிலயும் வந்தது. நீங்கள் செய்தது நல்ல வேலைதான்.”

அவள் சொன்னதில் கடைசி வரி மட்டும்தான் அன்றைக்கு அவனுக்குப் புரிந்தது. மற்றதை அவள் கொஞ்சம் கொஞ்சமாக, அவனிடம் சித்தாளாக வேலைக்குச் சேர்ந்த பிறகு சொன்னாள். வன்னியில் சண்டை முற்றின அந்த ஐந்து மாதத்தில் அவர்கள் பதினொரு இடம் மாறினார்கள். எங்கே போய் இறங்கினாலும் முதல் வேலை பதுங்குகுழி வெட்டுவது. அதற்குப் பிறகுதான் கூரைக்குத் தறப்பாள் கட்டுவது, உலை வைப்பது. கடைசியாக முள்ளிவாய்க்காலில், பாதுகாப்பு வலயம், இங்கே வாருங்கள் என்று அரசாங்கமே அறிவித்த இடத்தில், வெறும் கடல்மணலில் வெட்டினாள். மணல் நிற்கவில்லை. கல்யாணக் கூறைச்சேலையைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பிச் சுவருக்கு அண்டை கொடுத்தாள். குறுகிய பக்கத்தில், மகனுடைய பால்மா டின்னை வைக்க ஒரு மாடமும் குடைந்தாள். அடுத்த நாள் கஞ்சிக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பியபோது குழி வாயோடு இடிந்து கிடந்தது. உள்ளே புருஷன், மாமியார், நாலு வயது மகன் துவாரகன். மூன்று பேரிலும் உயிர் இல்லை. ஷெல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது, சனம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் மணலைத் தள்ளி மூடிவிட்டு, ஓடுகிற சனத்தோடு போனாள். இதைச் சொல்லும்போது அவள் தலையில் கலவைச் சட்டி இருந்தது. சொல்லி முடித்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டாள். ராஜாங்கம் அன்று பூசிய சுவர் கோணலாகப் போனது. மறுநாள் செதுக்கிவிட்டுத் திரும்பப் பூசினான்.

பிறகு பத்து வருஷம் ஓடியது. பிரான்சுவாவின் மகள்கள் பாரீசில் இருந்து போன் போட்டுச் சண்டை பிடித்ததால் அவள் அந்த வீட்டைக் காலி செய்து, அரியாங்குப்பத்துக்கும் உழவர்கரைக்கும் நடுவில் ஆறு வீடு மாறினாள். எட்டு இரவு வீட்டில் படுப்பது, ஒன்பதாம் இரவு வேலை நடக்கிற கட்டடத்தில் படுப்பது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். அப்படிச் செய்தால் தரை இறங்காது. காய்ச்சலில் கிடந்தபோதும், மழையில் பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றபோதும் மட்டும் கணக்குத் தவறியது. ஒரு தடவை மாடியில் குடியிருந்து பார்த்தாள். மாடித் தரையிலும் நெஞ்சளவு குழி விழுந்தது. கீழ்வீட்டுக் கூரையில் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ராஜாங்கம்தான் மூடினான். அவளே உடைகல் சுமந்து வந்து கொட்டினாள். குழி மணலைக் கலவைக்கு எடுக்கலாமா என்று ஒருநாள் நாக்கில் வைத்துப் பார்த்தவன், “உப்பு. கம்பி துருப்புடிச்சிரும்” என்று துப்பிவிட்டான். போனில் படம் எடுத்தால் தரை மட்டமாக இருப்பது போலத்தான் விழும். அதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் படம் தேவைப்படவில்லை.

தேவை 2023இல் வந்தது. தவராணியின் கையில் வெளியேறும் உத்தரவு ஒன்றைக் கொடுத்தார்கள். படகில் வந்தவள், பாஸ்போர்ட் இல்லாதவள், ஆகையால் சட்டத்தின் கண்ணில் அகதி இல்லை, அத்துமீறி நுழைந்தவள். தொண்ணூறு நாளுக்குள் சொந்த நாட்டுக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவள் போர்க்குற்றங்களை விசாரிக்கிற ஒரு வெளிநாட்டுக் குழுவுக்கு வீடியோவில் சாட்சி சொல்லியிருந்தாள். எந்த நாள், எந்தத் திசையில் இருந்து ஷெல் வந்தது, கஞ்சி வரிசையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொன்ன மூன்றாம் வாரம் கிளிநொச்சியில் அவள் தங்கச்சி வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, அக்கா எப்போது ஊருக்கு வருகிறாள் என்று மரியாதையாகக் கேட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தவராணிக்குத் தெரியும். தங்கச்சி புருஷனை அப்படித்தான் வந்து கேட்டார்கள். அவன் இன்னும் திரும்பவில்லை.

வழக்கைக் கையில் எடுத்தவள் ஷாஹீன் என்ற வக்கீல். கோட்டகுப்பத்துப் பெண்; வேகமாகப் பேசுவாள். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு எந்த மனுஷரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது உலகத்துக்குப் பொதுவான சட்டம், இந்த நாடு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றாலும் கோர்ட்டில் பேசிப் பார்க்கலாம் என்றாள். பேசிப் பார்த்தாள். கோர்ட்டு உத்தரவைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். மிச்சமிருந்தது ஒரே வழி. ஐரோப்பாவில் ஒரு நாடு, சாட்சி சொன்னவள் என்ற முறையில் அவளை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மைதான் என்று அதிகாரிகளுக்கு நம்பிக்கை வர வேண்டும். மூன்று பேர் செத்ததற்குச் சான்றிதழ் இல்லை, படம் இல்லை, அந்தக் கடற்கரையில் இப்போது அடையாளமும் இல்லை. குழியைப் பற்றிக் கேள்விப்பட்ட ஷாஹீன் டேப்போடு வந்து உள்ளே இறங்கினாள். நீளம், அகலம், திருப்பம், பால்மா வைக்கிற மாடம் வரைக்கும் தவராணி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தோடு அங்குலம் பிசகாமல் பொருந்தியது. மேலே ஏறி வந்து டேப்பைச் சுருட்டினாள்.

“போட்டோ விழலன்னா போவுது. அவங்களே வந்து கண்ணால பாக்கட்டும். வர்ற திங்கக்கெழம வராங்க. அதுவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும், என்னா?” என்றாள் தவராணியிடம்.

இந்தக் குழி மறுபடியும் பிரான்சுவா வீட்டுப் பின்கட்டில்தான் இருந்தது. மனைவி போன பிறகு தனியாக இருந்த கிழவர், இனி யார் போன் போட்டாலும் எடுக்கப் போவதில்லை என்று சொல்லி அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அவளும் வேண்டுமென்றே ஒன்பது இரவு சேர்ந்தாற்போலப் படுத்துக் குழியை வரவழைத்திருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக ஷாஹீன் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் ஒரே மாதிரி வர வேண்டும். அழுதால் நாடகம் என்பார்கள், அழாவிட்டால் பொய் என்பார்கள். போகும்போது தவராணி கிழவரிடம், “திங்கள் வீட்டைப் பாக்க வருகினம் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். குழியை யாரும் தொட வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. இந்தக் குழியைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்பது அவளுக்கு அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

கிழவருக்குத் தெரிந்தது வேறு. பட்டாளத்தில் அதிகாரி பார்க்க வருகிறான் என்றால் கட்டில் விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, பூட்ஸில் முகம் தெரிய வேண்டும். ராஜாங்கத்துக்குத் தெரிந்தது இன்னொன்று. இஞ்சினியர் கட்டடத்தைப் பார்க்க வருகிறான் என்றால் முதல் நாளே விரிசலில் வெள்ளை சிமெண்டு வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரு ஓட்டை கண்ணில் பட்டால் போதும், பில் பாஸ் ஆகாது.

“வெள்ளக்காரங்க வராங்க ராஜாங்கம். இவளுக்குப் பேப்பர் குடுக்குறதுக்கு முன்னாடி எடத்தப் பாப்பாங்களாம். இன்ஸ்பெக்சன்.”

“இந்தக் குழியக் காட்டியா முசே? தெறிச்சி ஓடிருவான்.” கிழவரை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அதுக்குத்தான ஒன்னக் கூப்ட்டேன்.”

ராஜாங்கம் அந்த இரண்டு நாளும் சாப்பிடப் போகாமல் வேலை பார்த்தான். அடியில் கருங்கல் அடுக்கி, மணல் சலித்துப் போட்டு, ஜல்லி போட்டு, மேலே சிவப்பு ஆக்சைடு பூசி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினான். மின்விசிறியின் மூன்று இறக்கையும் அதில் தெரிந்தன. வாழ்நாளில் அவன் போட்டதிலேயே நல்ல தரை அதுதான். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பிரான்சுவா திங்கட்கிழமை காலையில் கோட்டுப் போட்டு, மூன்று மெடலையும் குத்திக்கொண்டு வாசலில் நின்றார். ராஜாங்கம் பின்கட்டுக் கதவோரம் நின்றான்.

பத்து மணிக்கு அந்த நாட்டு அதிகாரியான ஒரு நடுத்தர வயது அம்மாள், மொழிபெயர்க்க வந்த மரிய அருண் என்ற உள்ளூர்ப் பையன், ஷாஹீன், தவராணி நாலு பேரும் வந்தார்கள். பின்கட்டுக் கதவைத் திறந்தார்கள். அந்த அம்மாள் தரையைப் பார்த்து, மிகவும் அழகாக இருக்கிறது என்று சொன்னதாக மரிய அருண் சொன்னான். பிறகு, பள்ளம் எங்கே என்று கேட்டதாகவும் சொன்னான். ஷாஹீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். தவராணி மட்டும் உள்ளே போய்ச் சிவப்புத் தரையின் நடுவில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அதைத் தடவினாள்.

“நீங்கள்தானே அண்ணை மூடினது?”

“நல்லதுக்குன்னுதாம்மா… ஓட்டையப் பாத்துட்டு வேணான்னு சொல்லிருவாங்களோன்னுட்டு…”

“ஓம். நானும் நல்லதுக்கெண்டுதான் மூடினனான். நாய் இழுத்துக்கொண்டு போகும் எண்டு.”

அவள் அவனைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். வெளியே ஓடிப் போய் வண்டியில் இருந்த கடப்பாரையை எடுத்து வந்தான். “இருங்கம்மா, இருங்க, இப்ப காட்டுறேன்” என்று அந்த அம்மாளிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, இன்னும் ஈரம் போகாத தரையில் ஓங்கிப் போட்டான். சிவப்பு ஆக்சைடு பிளந்தது. ஜல்லியை வாரினான், கருங்கல்லைப் பெயர்த்தான், பதினோரு மணிக்கு முட்டியளவும் பன்னிரண்டு மணிக்கு இடுப்பளவும் இறங்கினான். அவன் போட்ட கல்லுக்குக் கீழே வெறும் செம்மண்தான் இருந்தது. ஒரு சிட்டிகை கடல்மணல்கூட இல்லை. மாடம் இருந்த பக்கத்தைக் கையால் பறித்துப் பார்த்தான். நகம் பிய்ந்து ரத்தம் வந்ததே தவிர மாடம் வரவில்லை. ஒன்பது இரவு ஆகாமல் அது வராது என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த அம்மாளுக்கு மறுநாள் விமானம். ஒரு மணிக்கு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஷாஹீன் ஆங்கிலத்தில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, குழிக்குள் நின்ற ராஜாங்கத்துக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கெட்ட மனுஷி இல்லை.

பதில் ஆறு வாரத்தில் வந்தது. ஷாஹீன் அதைத் தமிழில் படித்துக் காட்டினாள்: விண்ணப்பதாரர் கூறிய பள்ளம் காணப்படவில்லை. எமது முன்னிலையில், விண்ணப்பதாரருக்கு வேண்டிய ஒருவரால் ஒரு பள்ளம் தோண்டப்பட்டது. கூற்று நம்பத்தக்கதாக இல்லை. கோர்ட்டு கொடுத்த தவணையும் அந்த வாரம் முடிந்தது. போலீஸ் ஜீப் வந்தபோது தவராணி துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஈரத்தோடேயே மூட்டை கட்டினாள். பிரான்சுவா மெடல்களோடு போய் இன்ஸ்பெக்டரிடம் பிரெஞ்சில் பேசினார், பிறகு தமிழில் பேசினார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். ராஜாங்கம் அதற்குப் பிறகு இருபது நாள் வேலைக்குப் போகவில்லை. கரணையை எடுத்துக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்தான். அவன் பெண்சாதி கமலா, “குடிச்சித் தொலைச்சாலும் பரவால்ல, இப்டி கையவே பாத்துகினு உக்காராத” என்று ஒருநாள் சொன்னாள்.

நாடு கடத்தும் வரை ஆட்களை வைத்திருக்க ஊரின் மேற்கு ஓரத்தில் பழைய நெல் கிடங்கு ஒன்றை எடுத்து, தடுப்புச் சுவர் போட்டு ஆறு அறையாக்கியிருந்தார்கள். தவராணிக்கு நாலாம் அறை. வெளியே பூட்டு. ஒன்பதாம் இரவு வேறு எங்கேயாவது போய்ப் படுக்க அங்கே வழி கிடையாது. பத்தாம் நாள் காலையில் கஞ்சி கொண்டுபோன காவலர், கட்டிலுக்குப் பக்கத்தில் தரை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். தப்பிக்கச் சுரங்கம் தோண்டியதாக முதலில் எழுதினார்கள். அவளிடம் ஒரு ஸ்பூன்கூட இல்லை, தோண்டிய மண் எங்கே என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் எழுதியதை அடித்தார்கள். காண்டிராக்டரை விட்டு மூடினார்கள். ஒன்பதாம் நாள் இறங்கியது. அறையை மாற்றினார்கள். அங்கேயும் இறங்கியது, இரண்டு குழி ஆகிவிட்டதே என்று பழைய அறைக்கே கொண்டுவந்தார்கள். கடைசியில் காண்டிராக்டர், இந்த மாதிரி வேலைக்குப் பேர்போன கொத்தனார் உழவர்கரையில் இருக்கிறான் என்று ராஜாங்கத்தைக் கூட்டி வந்தான்.

அவன் குழிக்குள் இறங்கி நின்றான். மேலே கட்டிலில் தவராணி உட்கார்ந்திருந்தாள், இளைத்திருந்தாள்.

“சாப்பாடு குடுக்குறாங்களாம்மா?”

“குடுக்கினம். சோறு கொஞ்சம் குழையல்.” பிறகு சொன்னாள், “அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி பிளேன் எண்டு சொல்லுகினம் அண்ணை. அங்க இறங்கினால் நான் இல்லை.”

“இத மூடச் சொல்லிக் கூட்டியாந்திருக்காங்க.”

“தெரியும்.”

“மாட்டேன்.”

அவன் மூடவில்லை. காண்டிராக்டர் இறக்கிக் கொடுத்த செங்கல்லை வைத்துக் குழியின் பக்கங்களைச் செதுக்கி, உள்ளளவு குறையாமல் சுற்றிலும் அரைக்கல் கனத்தில் சுவர் எழுப்பினான். பால் டின் மாடத்தை அளவு மாறாமல் விட்டுக் கட்டினான். அவள் ஏறி இறங்க மூன்று படி வைத்தான். மூன்றாம் நாள் வந்து பார்த்த தடுப்பு இல்லப் பொறுப்பாளர் இனியவன் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆன ஆள்.

“மூடச் சொன்னா கட்டி வெச்சிருக்கியேய்யா? ஆடிட்ல நான் இன்னா பதில் சொல்லுவேன்?”

“மூடுனா ஒம்போது நாள்ல தொறந்துக்கும் சார். தரை சேதம்னு நீங்க மாசம் மூணு தடவ எழுதிகினு இருக்கணும். கட்டுனா அப்டியே நிக்கும். சேதம்னு எழுத வேணாம். இருக்குதுன்னு எழுதிட்டாப் போதும்.”

இனியவன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். சேதம் என்றால் விசாரணை வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள். இருப்பு என்றால் எண்ணிக் காட்டினால் முடிந்தது. மறுநாள் இருப்புப் பதிவேட்டில் நாலாம் அறைக்கு நேரே, நீளம், அகலம், ஆழம், திருப்பம், மாடம் எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, அரசாங்க முத்திரை குத்தினார். ஷாஹீன் அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கி, தவராணியின் வாக்குமூலத்தோடு சேர்த்துத் தைத்து, விமானத்துக்கு நாலு நாள் முன்னால் கோர்ட்டில் வைத்தாள். இரண்டு தாளிலும் அளவு ஒன்றாக இருந்தது. ஒன்று அவள் சொன்னது, மற்றது அரசாங்கம் சொன்னது. நீதிபதி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் குழி அரசாங்கக் கட்டடத்துக்குள் எப்படி வந்தது, இதற்குப் பதில் சொல்லாமல் இந்தப் பெண்ணை எங்கேயும் அனுப்பக் கூடாது என்று அரசுத் தரப்பிடம் சொன்னார். அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது. நாலு வாரம் கொடுத்தார்கள். அது முடிந்ததும் மறுபடியும் கேட்டது. இதுவரை பதினான்கு தடவை கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே தவராணியை அனுப்பவும் இல்லை, விடவும் இல்லை. ஷாஹீன் வெளிநாட்டுக்கு மேல்முறையீடு எழுதியிருக்கிறாள். வரிசையில் இருப்பதாகப் பதில் வருகிறது. பிரான்சுவா போன மார்கழியில் இறந்துபோனார். ராஜாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மனு போட்டு உள்ளே போய், செங்கல்லில் உப்புப் பூத்திருந்தால் தேய்த்துவிட்டு வருகிறான். பகலில் கிடங்குக் கூரையின் தகரம் காய்கிற நேரத்தில் அவள் படியில் இறங்கி, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் மணலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே மட்டும் குளிர்ச்சியாக இருக்கும். காவலுக்கு இருக்கிற பெண் போலீஸ்காரிகளும் இப்போது அதைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இனியவன் பதிவேட்டோடு வருகிறார். நாலாம் அறை வாசலில் நின்று சத்தமாகப் படிப்பார்: கட்டில் ஒன்று, மின்விசிறி ஒன்று, பிளாஸ்டிக் குடம் ஒன்று, குழி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு டிக் போடுவார். பிறகு ஆள் ஒன்று என்று படிப்பார். கீழே இருந்து “ஓம்” என்று குரல் வரும். அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டு ஐந்தாம் அறைக்குப் போவார்.